‘ரோலர் கோஸ்டர்லாம் நான் ஏற மாட்டேன்’... டீன் ஏஜ் பிள்ளைகளோடு தீம் பார்க் போறீங்களா? இதைப் படிச்சிட்டு டிக்கெட் போடுங்க!

நாலு நாள் லீவு சேர்ந்து வந்தாலே வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு, "தீம் பார்க் போலாமா?" என்பதுதான். பெரிய ரைடுகளுக்காக கொச்சிக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறிக்கொண்டிருந்த சென்னைக் குடும்பங்களுக்கு, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்த பிறகு அந்தப் பயணமும் தேவையில்லை என்றாகிவிட்டது. ஏற்கனவே ஈசிஆரில் விஜிபியும் எம்ஜிஎம்மும் இருக்கின்றன. பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்ட், மதுரைக்காரர்களுக்கு அதிசயம், கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் என ஊருக்கு ஊர் இடம் உண்டு.

எல்லாம் சரி. ஆனால் அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம் என எல்லோரும் சேர்ந்து பிளான் போட்டு முடித்த நேரத்தில், வீட்டில் இருக்கும் 15 வயசுப் பிள்ளை மட்டும் "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லும். ஏன் என்று கேட்டால், "போர் அடிக்கும்". பல வீடுகளில் அந்த ‘போர்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் காரணம் வேறு. அந்தப் பிள்ளைக்கு பெரிய ரைடுகளில் ஏறப் பிடிக்காது. அதை வெளியே சொன்னால் சித்தப்பா பையன் கிண்டல் பண்ணுவான். அவ்வளவுதான்.

டீன் ஏஜ் என்றாலே த்ரில் பிடிக்கும் என்று நாமே முடிவு பண்ணி வைத்திருக்கிறோம். விளம்பரத்தில் காட்டுவதும் கையைத் தூக்கிக் கத்தும் இளசுகளைத்தான். தலைகீழாகச் சுற்றுவது பிடிக்காத பிள்ளைகளும் அதே வயதில்தான் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு நாளை எப்படி சந்தோஷமாகக் கழிக்கலாம்? வாங்க, பார்க்கலாம்.

பயமா, தலைசுற்றலா? முதல்ல அதைக் கேளுங்க

"எனக்குப் பிடிக்காது" என்று பிள்ளை சொன்னால், எது பிடிக்காது என்று பொறுமையாகக் கேட்பதுதான் முதல் வேலை. ஏனென்றால், இதில் ரெண்டு விஷயம் கலந்திருக்கிறது.

ஒன்று, பயம். அதுவும் எல்லோருக்கும் ஒரே பயம் கிடையாது. சிலருக்கு உயரம் ஆகாது. சிலருக்கு உயரம் பிரச்னையே இல்லை, திடீரென்று கீழே விழுவதுதான் ஆகாது. சிலருக்குத் தோளில் கம்பி வந்து லாக் ஆனதும் மூச்சு முட்டும். இருட்டுக் குகைக்குள் போகும் ரைடு சிலருக்கு ஒத்துக்காது. உயரத்துக்கு மட்டும் பயப்படும் பிள்ளை டாஷிங் காரில் ஜாலியாக இடித்துக்கொண்டு திரியும். விழுவதற்கு மட்டும் பயப்படும் பிள்ளை ராட்சத ராட்டினத்தில் மேலே நின்று போட்டோ எடுக்கும்.

இன்னொன்று, தலைசுற்றல், குமட்டல். இது பயமே இல்லை, உடம்பு சமாச்சாரம். நம் காதுக்குள்ளே, சமநிலையைக் கவனித்துக்கொள்ள திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உடம்பு திரும்பும்போது அந்தத் திரவம் நகர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். வேகமாகச் சுற்றும் ரைடில் காது ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். எதை நம்புவது என்று மூளை குழம்பும்போதுதான் வாந்தி வருகிற மாதிரி ஆகிறது. ஏற்காடு, கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளையாக இருந்தால் இதுதான் காரணம் என்று ஓரளவுக்கு யூகிக்கலாம்.

இந்தப் பயணக் குமட்டல் பொதுவாக 9, 10 வயசு வாக்கில் உச்சத்தில் இருக்கும். டீன் ஏஜில் படிப்படியாகக் குறையும். ஆனால் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அதிகமாகவே இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களிலும் கூடும். போன வருஷம் ஏறிய அதே ரைடை இந்த வருஷம் "வேண்டாம்" என்று மகள் சொன்னால், "அப்போ மட்டும் ஏறினியே?" என்று கேட்காதீர்கள்.

பயத்துக்கும் குமட்டலுக்கும் தீர்வு வேறு வேறு. பயப்படும் பிள்ளைக்கு, வேறு ஒருத்தர் ஏறி இறங்குவதை நாலு தடவை பார்த்தால் கொஞ்சம் தெளியலாம். குமட்டல் வரும் பிள்ளை நாற்பது தடவை பார்த்தாலும் காதுக்குள் இருக்கும் திரவம் அடங்கப் போவதில்லை.

வயிறு ஏன் ‘ஜிவ்’வுங்குது?

ரோலர் கோஸ்டருக்கு இன்ஜின் கிடையாது என்று பலருக்குத் தெரியாது. பெரும்பாலானவற்றில் ஒரு சங்கிலி பெட்டியை முதல் மேட்டின் உச்சி வரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அதன் பிறகு எல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் முதல் மேடுதான் எப்போதும் உயரமாக இருக்கும்.

உச்சியைத் தாண்டி இறங்கும்போது இருக்கை நம்மைத் தாங்கும் அழுத்தம் சட்டென்று குறைகிறது. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் இறுக்கிக் கட்டி வைக்கப்பட்டவை இல்லை. அவை லேசாக மேலே நகர்கின்றன. அந்த ‘ஜிவ்’ அதுதான். சிலருக்கு அது போதை, சிலருக்கு அது நரகம். ரெண்டுமே இயல்புதான். வொண்டர்லா சென்னையின் ‘தஞ்சோரா’ மாதிரியான கோஸ்டரில் இருக்கை தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், காலுக்கு அடியில் தரையே இருக்காது. உயரம் ஆகாதவர்களுக்கு இந்த வகை கூடுதல் சோதனை.

இதில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே ரைடில் எல்லா சீட்டும் ஒன்றல்ல. ரோலர் கோஸ்டரில் கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும்போது முன்பெட்டிகள் ஏற்கனவே வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் பின்னால் இருப்பவர்களைச் சுண்டி இழுக்கும். முன்சீட்டில் எதிரே ஒன்றும் இல்லாததால் கண்ணுக்குப் பயம். ஓரளவு சாந்தமான இடம் நடுப்பகுதி.

நம்ம பொருட்காட்சிகளில் ‘கொலம்பஸ்’ என்று சொல்லும் கப்பல் ஊஞ்சலிலும் இதே கதைதான். ரெண்டு முனையில் இருப்பவர்கள்தான் மிக உயரத்துக்குப் போவார்கள். நடு வரிசையில் உட்கார்ந்தால் அனுபவம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். "கொஞ்சம் டிரை பண்ணிப் பார்க்கறேன்" என்று பிள்ளை தானாகச் சொன்னால் மட்டும் இந்த நடு சீட்டைச் சொல்லிக் கொடுங்கள்.

பொருட்காட்சி ரிகர்சல்

பல ஆயிரம் செலவு பண்ணி தீம் பார்க் போவதற்கு முன்னால், ஒரு சின்ன ரிகர்சல் பார்க்கலாம். சென்னை தீவுத்திடல் பொருட்காட்சி, மதுரை சித்திரைப் பொருட்காட்சி, இல்லை என்றால் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரும் ராட்டினக் கடை. அங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக்கெட். ராட்டினம் பிடித்ததா, டோரா டோரா பிடித்ததா, பிரேக் டான்ஸ் தலையைச் சுற்றியதா என்று சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும். தீம் பார்க்கில் அப்படி இல்லை. வாசலிலேயே மொத்தக் காசையும் வாங்கிவிடுவார்கள். ஏறினாலும் அதே விலை, ஏறாவிட்டாலும் அதே விலை.

"காசு கொடுத்திருக்கோம், ஏறு" என்ற டயலாக் பிறப்பதே இந்த இடத்தில்தான். அந்தப் பணம் கேட்டைத் தாண்டிய நிமிஷமே போய்விட்டது. பிள்ளையை அழ வைத்து ஏற்றினால் திரும்ப வராது. வேண்டுமானால் புக் பண்ணும்போதே மிச்சம் பிடியுங்கள். வரிசையில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டை ஏறுகிறவர்களுக்கு மட்டும் எடுங்கள். ஏறாத பிள்ளைக்கு அது தண்டச் செலவு. பல பூங்காக்களில் மாணவர் அடையாள அட்டைக்குச் சலுகை உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘பயந்தாங்கொள்ளி’ என்ற ஒரு வார்த்தை

இந்தக் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஏற்றுவது வெறும் மனவருத்தத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ரைடு கிளம்பிவிட்டால் பாதியில் இறங்க முடியாது. பதற்றத்தின் உச்சத்தில் ஒரு பிள்ளை பெல்ட்டிலிருந்து நெளிந்து வெளியே வரப் பார்த்தால், அது உயிருக்கே ஆபத்து.

2025 மே மாதம் ஈசிஆரில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவில் ராட்சத ரைடு நடுவானில் பழுதாகி நின்றதும், மணிக்கணக்கில் தவித்தவர்களைத் தீயணைப்புத் துறையினர் ஸ்கை லிஃப்ட் வைத்து இறக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வீடியோவைப் பார்த்த பிள்ளை "எனக்கு பயமா இருக்கு" என்று சொன்னால், அது காரணமில்லாத பயம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே, பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு விஷயத்தை முடிவு பண்ணுங்கள். யார் எதில் ஏறவில்லை என்றாலும் கிண்டல் கிடையாது. இதைச் சின்னப் பசங்களிடம் சொல்வதைவிட, மாமா, சித்தப்பா வகையறாவிடம் சொல்வதுதான் முக்கியம். பெரும்பாலும் ஆரம்பிப்பது அவர்கள்தான்!

அப்புறம், வரிசையில் நின்று மேலே போன பிறகு மனசு மாறினாலும் தப்பில்லை என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். ரைடு கிளம்பும் வரை கையைத் தூக்கி ஆபரேட்டரிடம் சொன்னால் இறக்கிவிடுவார். இப்படி இறங்குகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறவர்.

சரி, அப்போ அவங்க நாள் முழுக்க என்ன பண்ணுவாங்க?

எல்லோருடைய பையையும் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வேலை. அதை முதலில் நிறுத்த வேண்டும். லாக்கர் எடுத்து பைகளை உள்ளே வைத்துவிடுங்கள்.

போவதற்கு முன்பே பூங்காவின் இணையதளத்தைத் திறந்து, ரைடு பட்டியலைப் பிள்ளை கையில் கொடுங்கள். பெரும்பாலான பூங்காக்கள் ரைடுகளை ஹை த்ரில், ஃபேமிலி, கிட்ஸ், வாட்டர் என்று பிரித்தே வைத்திருக்கின்றன. ஒவ்வொரு ரைடுக்கும் யூடியூபில் வீடியோ கிடைக்கும். எது ஓகே, எது வேண்டவே வேண்டாம், எது அங்கே போய்ப் பார்த்துக்கலாம் என்று அவர்களே குறிக்கட்டும். இந்த வேலையை அவர்கள் செய்தாலே பாதி பதற்றம் போய்விடும்.

அங்கே போனதும் கும்பலாகவே திரிய வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். த்ரில் கோஷ்டி ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். அந்த ‘மற்றவர்கள்’ பக்கம் அப்பாவோ அம்மாவோ ஒருவர் விருப்பப்பட்டுப் போகட்டும். ஒரு பிள்ளையோடு தனியாக ரெண்டு மணி நேரம் பேசக் கிடைப்பது இந்தக் காலத்தில் லேசான விஷயமா? மதியச் சாப்பாட்டுக்கு எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ரைடில் இருப்பவர்களின் போன் லாக்கரில் கிடக்கும், அடித்தால் எடுக்க மாட்டார்கள்.

த்ரில் வேண்டாம் என்கிற பல பிள்ளைகளுக்கு தண்ணீர்ப் பகுதி கொண்டாட்டம்தான். வேவ் பூல், மெதுவாக மிதந்து போகும் லேசி ரிவர், ரெயின் டான்ஸ் எல்லாம் அவர்களுக்கானவை. ஆனால் உயரமான சறுக்குகளில் மூடிய குழாய் எது, திறந்தது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய குழாய்க்குள் இருட்டாக இருக்கும்.

உடை விஷயத்தில் கொஞ்சம் உஷார். பெரும்பாலான பூங்காக்களில் காட்டன் உடை, புடவை, சுடிதாரோடு தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள். நைலான், பாலியஸ்டர், லைக்ரா மாதிரி துணிதான். இது தெரியாமல் போய், உள்ளே இருக்கும் கடையில் கிடைத்ததை வாங்கி, அது பிடிக்காமல் மகள் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் அந்த நாளே போச்சு. டீன் ஏஜில் உடம்பு பற்றிய கூச்சம் ரொம்பவே இருக்கும். முழுக்கை, முழுக்கால் மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவர்களுக்குப் பிடித்ததை முன்பே வாங்கிவிடுங்கள்.

தலைசுற்றல் பார்ட்டிகளுக்கு

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. வயிறு முட்ட பூரி, பொங்கல் சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது. ரெண்டு இட்லி போதும். சுற்றும் ரைடுகளை அடுத்தடுத்து போடாமல், நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஓடும்போது கண்ணை மூடாமல், தூரத்தில் அசையாமல் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்க்கப் பழக்குங்கள். இஞ்சி மிட்டாய் சிலருக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். குமட்டலுக்கான பல மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும். தூக்கக் கலக்கத்தோடு வேவ் பூலில் இறங்குவது நல்லதல்ல. இதய நோய், வலிப்பு, கழுத்து அல்லது முதுகுப் பிரச்னை உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பெரிய ரைடுகளில் ஏறக் கூடாது என்று ஒவ்வொரு ரைடின் வாசலிலும் போர்டே வைத்திருப்பார்கள். அதைப் பெரியவர்களும் படிக்க வேண்டும்.

எதிலுமே ஏற மாட்டேன்னா?

அப்படியும் பிள்ளைகள் உண்டு. அப்போது ஊரைப் பார்த்து பிளானை மாற்றலாம். உதாரணத்துக்கு ஈசிஆர். எம்ஜிஎம் இருக்கும் அதே முட்டுக்காட்டில்தான் தட்சிணசித்ராவும் இருக்கிறது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளை அப்படியே பெயர்த்து வந்து கட்டியிருக்கிறார்கள், பானை செய்யவும் விடுவார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, அதையும் தாண்டினால் மாமல்லபுரம். வீட்டில் பாதிப் பேர் ரைடுக்கும், மீதிப் பேர் இந்தப் பக்கமும் போய்விட்டு, சாயங்காலம் கடற்கரையில் சேர்ந்துகொள்ளலாம். ஒரு டிக்கெட் காசும் மிச்சம். செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ராவுக்கும், திங்கட்கிழமை முதலைப் பண்ணைக்கும் விடுமுறை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு தேதி போடுங்கள்.