கடல் கடக்கும் வல்லூறு

பருந்தும் கழுகும் வானில் வட்டமிடுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். வெயில் ஏறியதும் நிலத்திலிருந்து வெப்பக்காற்று மேலெழுகிறது. அக்காற்றில் சிறகை விரித்துக்கொண்டு, மிகுந்த உழைப்பின்றி அவை உயரச் சென்று நெடுந்தொலைவு பயணம் செய்கின்றன. ஆனால் கடலின்மேல், நிலத்தில் கிடைப்பதுபோல் அக்காற்று கிடைப்பதில்லை. ஆகையால் இரைகொல்லிப் பறவைகளில் பெரியவை விரிகடலைக் கண்டு அஞ்சுகின்றன. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா செல்பவை பலவும், அகலம் 14 கிலோமீட்டரே உள்ள ஜிப்ரால்டர் ஜலசந்தியைத் தேடி வந்து கூடுவது இக்காரணம் பற்றியே.

இத்தகைய அச்சமின்றி அரபிக்கடலையே தாண்டும் சிறு பறவை ஒன்று உண்டு. அதன் பெயர் அமூர் வல்லூறு. புறாவினும் சிறியது, எடை சற்றேறக்குறைய 150 கிராம். கோடையில் அது சைபீரியாவின் தென்கிழக்கிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கழிக்கிறது. போகவும் வரவும் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது.

இந்நெடும் பயணத்தின் நடுவே அது தங்கும் சத்திரம் நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. அக்டோபர் மாதத்தில் நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்துத் தோயாங் நீர்த்தேக்கத்தருகே லட்சக்கணக்கான வல்லூறுகள் வந்து இறங்குகின்றன. மழை ஓய்ந்த அப்பருவத்தில் அங்கே ஈசல் கூட்டங்கூட்டமாய்ப் புறப்படுகிறது. பறவைகள் அதனை வயிறார உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அக்கொழுப்பே பின்வரும் பயணத்துக்குக் கட்டுச்சோறு.

நவம்பரில் அவை புறப்பட்டுத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து அரபிக்கடலின்மேல் செல்கின்றன. கடல்வழி மட்டும் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். இடையில் இறங்க இடமில்லை. இரவும் பகலும் சிறகடித்தே செல்லவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று பின்னிருந்து தள்ளுவது பெருந்துணை. அதே பருவத்தில் தும்பிகளும் அக்கடலைக் கடப்பதால், வழியிலும் சிறிது இரை கிடைக்கக்கூடும் என அறிஞர் கருதுகின்றனர். சோமாலியாக் கரையை அடைந்த பின்னரே ஓய்வு. ஏப்ரல், மே மாதங்களில் திரும்புங்கால் காற்றும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. காற்றின் காலமறிந்து கலம் செலுத்திய பண்டை மாலுமிகளைப் போன்றே இப்பறவைகளும் நடந்துகொள்கின்றன.

ஆயினும் இப்பறவைக்குப் பேராபத்து நேர்ந்தது கடலில் அன்று; கரையிலேதான். 2012-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தோயாங் பகுதியில் மீன்வலைகளைக் கட்டிப் பல்லாயிரக்கணக்கான வல்லூறுகளைப் பிடித்துக் கொன்று இறைச்சிக்கு விற்றனர். அவ்வாண்டு மாண்டவை ஒரு லட்சத்துக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. செய்தி வெளிவந்ததும் உலகெங்கும் கண்டனம் எழுந்தது.

கண்டிப்பது எளிது. அம்மக்களின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோயாங் அணை எழுந்தபோது சுற்றுவட்டாரக் கிராமத்தாரின் விளைநிலங்கள் நீரில் மூழ்கின. உழுதவர் பலர் மீன் பிடித்துப் பிழைக்கலாயினர். அவ்வேளையில் வானிலிருந்து வந்திறங்கிய பறவைக் கூட்டம் ஆண்டுக்கொருமுறை கைக்குக் கிடைத்த வருவாயாயிற்று. குழந்தைகளின் பள்ளிச் செலவுக்கும் அப்பணம் உதவிற்று.

அத்தகைய வருவாயையே அவர்கள் கைவிட்டனர் என்பதுதான் இவ்வரலாற்றின் சிறப்பு. வனத்துறையினரும் இயற்கை ஆர்வலரும் கிராமம் கிராமமாய்ச் சென்று பேசினர். தேவாலயங்களிலும் இச்செய்தி எடுத்துரைக்கப்பட்டது. பாங்டி முதலிய ஊர்களின் கிராம சபைகள் வேட்டையைத் தடை செய்தன. 2013-இல் ஒரு வலையும் கட்டப்படவில்லை. முன்னர் வேட்டையாடியோரில் பலர் காவலராயினர். இன்று பறவை காண வருவோரால் சிலருக்கு வருவாய் உண்டு; எனினும் அது எல்லா வீட்டுக்கும் எட்டுவதன்று. இழப்பின் ஒரு பகுதியை அவர்கள் இன்றும் தாங்கியே நிற்கின்றனர்.

2013 நவம்பரில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தாரும் ஹங்கேரி நாட்டு அறிஞரும் மூன்று வல்லூறுகளின் முதுகில் 5 கிராம் எடையுள்ள கருவிகளைப் பொருத்தி, செயற்கைக்கோள் வாயிலாக அவற்றின் வழியைக் கண்டறிந்தனர். அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்டி எனப் பெயரிட்டனர். அவற்றுள் நாகாவும் பாங்டியும் ஆப்பிரிக்கா சென்று மறு ஆண்டு தோயாங்குக்கே மீண்டு வந்தன. தம் ஊரின் பெயர் தாங்கிய பறவை கடல் தாண்டித் திரும்பியதில் பாங்டி மக்கள் கொண்ட பெருமிதம் இயல்பே.

மும்பை, புனே நகரங்களில் வாழும் நம் அன்பர்கள் நவம்பர், டிசம்பர் மாதங்களில் லோணாவளாப் பக்கத்துப் புல்வெளிகளுக்குச் சென்றால் இப்பறவையைக் காணும் வாய்ப்புண்டு. ஆண் பறவை கரும்சாம்பல் நிறமுடையது; கால்கள் செம்மஞ்சள்; பறக்கையில் சிறகின் உட்புறம் வெண்மையாய்த் தெரியும். குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பிற ஊரில் இடமும் உணவும் பெற்று வாழ்வதன் அருமை நமக்குத் தெரியும். அச்சிறு பறவைக்குக் கடல் தாண்டும் வலிமை தந்தது சிறகு மட்டுமன்று, தோயாங் மக்கள் விட்டுக்கொடுத்த வருவாயும் ஆகும் என்பதை அவர்களுக்கு அப்போது சொல்லுங்கள்.