மின்சார ட்ரைலரும் துறைமுக வரிசையும்

டீசல் வண்டியை விட்டு மின்சார வண்டிக்கு மாறலாமா என்ற யோசனை, காசிமேட்டில் மீன் ஏற்றும் லோடு ஆட்டோக்காரருக்கும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் இழுக்கும் ட்ரைலர் முதலாளிக்கும் ஒரே கேள்வியாகத் தோன்றினாலும், இருவருடைய வரவு செலவும் வெவ்வேறாகையால் விடையும் வேறாகவே இருத்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

லோடு ஆட்டோவின் சங்கதி சுலபமானது. விடியுமுன் ஐஸ் பெட்டிகளோடு சிந்தாதிரிப்பேட்டை வரையில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும் வண்டிக்கு, தூரமும் தெரியும், இரவில் நிற்கும் இடமும் தெரியும். பெட்டியிலிருந்து உருகி வழிகிற உப்புநீர் பாட்டரியின் இணைப்புகளில் இறங்காதபடி பார்த்துக்கொண்டால், அவர் மாறுவதற்குத் தயங்க வேண்டிய காரணம் அதிகம் இல்லை.

பெரிய வண்டிகளுக்கும் இதே நியாயம் செல்லும் என்பதற்கு வியாசர்பாடி பணிமனையே சாட்சி. 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. வண்டியை வாங்குவதும் பராமரிப்பதும் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. மாநகர் போக்குவரத்துக் கழகம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறது. பிரம்மாண்டமான முதலீட்டைக் கழகம் தன் தலையில் சுமக்கவில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

ட்ரைலர் முதலாளிக்கு அந்த சௌகரியம் ஏது? சுமையோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, டீசல் 92 ரூபாய் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 23 ரூபாய் ஆகிறது. மின்சார வண்டி அதே தூரத்துக்கு ஒன்றரை யூனிட் எடுத்து, யூனிட்டுக்கு 10 ரூபாய் கொடுக்க நேர்ந்தாலும் 15 ரூபாயோடு நின்றுவிடுகிறது. கிலோமீட்டருக்கு 8 ரூபாய் மிச்சம் என்றதும் மனம் குளிரும். ஆனால் லாபம் சக்கரம் உருண்டால்தானே! துறைமுக வாசலில் நாளில் பாதியை வரிசையிலே கழித்து, மணலிக்கும் மாதவரத்துக்குமாக 50 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு நாளொன்றுக்கு மிச்சமாவது 400 ரூபாய்; டீசல் வண்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள வண்டியின் மாதத் தவணைக்கு அது எம்மாத்திரம்? நிற்கும் நேரத்தில் டீசல் வீணாவதில்லை என்ற நன்மையைச் சேர்த்தாலும், கடன் தீர்ந்த பழைய ட்ரைலரை தகுதிச் சான்று (எஃப்.சி.) காட்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்குக் கணக்கு நேராவதில்லை.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் மின்சார லாரி ஒன்றுக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் வரை சலுகை தருகிறது. பாட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதமும் கேட்கிறது. ஆனால் சலுகை பெறுவதற்குப் பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் அவசியம். இருக்கும் ஒரே வண்டியை உடைத்துவிட்டுச் சலுகைக்கு நிற்பது ஒற்றை வண்டி முதலாளிக்கு விஷப்பரீட்சை.

மின்சாரம் புகையற்றது என்று பேசுவோர் அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தல் நலம். ஆயினும் இராயபுரத்துத் தெருவில் பிள்ளைகளின் மூக்குக்கு நேரே புகை விடுவதைக் காட்டிலும் இது மேல் என்பதை மறுப்பதற்கில்லை. இன்னொன்று: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்ப் பகுதியில் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்குச் சுவர்களே அடையாளம் காட்டின. சார்ஜர் வைக்க நினைப்பவர் அந்தக் கோட்டுக்கு மேலே மேடை கட்டி வைப்பதே புத்தி.

ஆகவே, தினமும் தெரிந்த வழியில் போய் இரவில் ஷெட்டுக்குத் திரும்பும் சிறு வண்டிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் இப்பொழுதே மாறலாம். ஒற்றை ட்ரைலர்காரர் பொறுத்திருக்கலாம். அவரை மாறச் சொல்லுவதற்கு முன், சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் வாசலில் வரிசையைக் குறைத்து, லாரிகள் காத்திருக்கும் இடங்களில் சார்ஜர்களை நிறுவட்டும்; அவ்வேலையை முதலில் தொடங்க வேண்டியவர்கள் அவர்களே.