முகமூடியைக் கழற்றினால் ஃபைல் பறக்கும், தெரியுமா?

சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்கு ஒரு ஃபைல் அனுப்புகிறீர்கள். இரண்டுமே கிருஷ்ணகிரி மாவட்டம்தான். ஆனால் அனுப்புவது யார் என்று தெரியாமல் மறைக்கும் ‘டார்’ வலைப்பின்னல் வழியாகப் போனால்? முதலில் ஜெர்மனி, அங்கிருந்து அமெரிக்கா, பிறகு நெதர்லாந்து, அதற்கப்புறம்தான் ஓசூர் என்றுகூடப் பாதை விழலாம்! நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 27,000 கிலோமீட்டர்! பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான்!

எதற்கு இந்த ஊர்சுற்றல்? வழியில் நிற்கும் மூன்று கணினிகளில் எதற்கும் முழுக்கதை தெரியக் கூடாது, அதற்குத்தான்! முதல் கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுவில் நிற்பதற்கு இரண்டுமே தெரியாது!

இந்த யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில்! 1990-களின் நடுவில். 2002-ல் டார் வலை ஓடத் தொடங்கியது. 2003 முடியும்போது அதிலிருந்த தன்னார்வலர் கணினிகள் சுமார் ஒரு டஜன்! இன்று? ஆயிரக்கணக்கில்!

1 ஜிபி படம் ஒன்று டார் வழியாகப் போனால் எத்தனை துண்டாகும்? ஏறக்குறைய 20 லட்சம்! ஒவ்வொரு துண்டிலும் ஐந்நூறு பைட்டுக்கும் குறைவாகவே சரக்கு ஏறும். அத்தனைக்கும் மூன்று அடுக்குப் பூட்டு! மெதுவாக வராமல் என்ன செய்யும்?

‘ஐ2பி’ கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2003-ல் தொடங்கிய இன்னொரு மறைவு வலை. ஒரே ஃபைலைப் பலர் துண்டு துண்டாகப் பகிரும் ‘டாரென்ட்’ முறையில் இறக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது! இதில் போகிற பாதை வேறு, வருகிற பாதை வேறு. உங்கள் பக்கம் மூன்று கணினி, எதிராளி பக்கம் மூன்று கணினி. ஒரு கேள்வி போய் ஒரு பதில் வருவதற்குள் 12 கணினிகளைத் தாண்டியாக வேண்டும்! அந்தப் பாதைகளும் 10 நிமிடம்தான் உயிரோடு இருக்கும். அப்புறம் புதுப் பாதை!

இங்கேதான் வேடிக்கை. உங்கள் பக்கம் எத்தனை கணினி என்பதை நீங்களே மாற்றலாம்! 0 முதல் 7 வரை அனுமதி உண்டு, வழக்கமாக 3. செட்டிங்ஸ் பக்கத்தில் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எச்சரிக்கையும் இருக்கும். 2 வைத்தால் மறைவு நடுத்தரம், 1 வைத்தால் குறைவு, 0 வைத்தால் மறைவே இல்லை! மூன்றைப் பூஜ்யமாக்கினால் வேகம் எகிறும், சரி. ஆனால் பாதையின் வாசலே உங்கள் கணினிதான் என்று ஊருக்கே தெரிந்துவிடும்! இரண்டு பக்கமும் 0 வைத்துவிட்டால் சாதாரண டாரென்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதற்கு ஐ2பி எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது!

‘ஜிஎன்யுநெட்’ என்ற மென்பொருள் இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக மறைவின் அளவைத் திருகலாம், ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி! 0 என்றால் நேரடியாக இறக்கும். 1 வழக்கமானது. அதற்கு மேல் வைத்தால், கூட்டத்தோடு கூட்டமாகக் கலக்க மற்றவர்களின் போக்குவரத்து போதுமான அளவு ஓடும்வரை காத்திருக்கும்!

டார் வழியாக டாரென்ட் இறக்கினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்களா? முதலில் அது ஏற்றும் சுமை பற்றி 2008-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். டார் வலையின் இணைப்புகளில் டாரென்ட் வெறும் 3.33 சதவீதம். ஆனால் அது தின்ற போக்குவரத்து? 40 சதவீதம்! செய்தி படிக்க வந்தவரும் சேர்ந்தல்லவா காத்திருந்தார்! 2010-ல் டார் அமைப்பே ‘தயவுசெய்து வேண்டாம்’ என்று கேட்டுக்கொண்டது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பிரான்ஸிலிருந்து வந்தது! அங்குள்ள ‘இன்ரியா’ ஆய்வாளர்கள் 23 நாளில் எத்தனை டார் பயனர்களின் ஐபி முகவரியைக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 10,000! பூட்டை யாரும் உடைக்கவில்லை. டாரென்ட் மென்பொருளே உண்மையான முகவரியைச் செய்திக்குள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது! போதாக்குறைக்கு, டார் சுமக்காத யுடிபி வழியில் அது தானாக வெளியே ஓடியது. முகமூடி போட்டுக்கொண்டு கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்ட கதைதான்!

    

வேகமும் வேண்டும், மறைவும் வேண்டும் என்பவர்கள் விபிஎன் பக்கம் போகிறார்கள். நடுவில் ஒரே ஒரு நிறுவனம். வேகம் பிரமாதம்! ஆனால் அந்த ஒரு நிறுவனத்துக்கு நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் இரண்டும் தெரியும்! 2022 ஏப்ரல் 28-ல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ ஓர் ஆணை போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்! எக்ஸ்பிரஸ் விபிஎன் என்ன செய்தது? ஜூன் மாதமே இந்தியாவிலிருந்த சர்வர்களை மூட்டை கட்டியது! அதன்பின் இந்திய ஐபி எங்கிருந்து வந்தது தெரியுமா? சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருந்த சர்வர்களிலிருந்து! சர்ஃப்ஷார்க், நார்டு விபிஎன் ஆகியவையும் சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பின!

மறுபடி ஐ2பிக்கு வருவோம். ‘க்யூபிட்டாரென்ட்’ என்ற டாரென்ட் மென்பொருள் தெரியும்தானே? 2023-ல் அதற்குள்ளும் சோதனை முயற்சியாக ஐ2பி வந்துவிட்டது! கூடவே ‘மிக்ஸ்டு மோட்’ என்று ஒரு சின்னக் கட்டம். அதை டிக் செய்தால் ஆள் அதிகம் கிடைப்பார்கள், வேகம் கூடும். ஆனால் சாதாரண ஐபி-களோடும் நேரடியாகப் பேசத் தொடங்கிவிடும்! மறைவு? காலி!

கடைசியாக ஒன்று. டாருக்குள்ளேயே மறைந்திருக்கும் தளத்துக்குப் போனால் நடுவில் 6 கணினிகள். தளத்துக்காரர் ‘நான் ஒளிய வேண்டியதில்லை, வருகிறவர் ஒளிந்தால் போதும்’ என்றால் அது 3 ஆகக் குறையும்! அதற்கு அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதுமா? போதாது! ‘சிங்கிள் ஹாப் மோட் 1’ என்று எழுதிவிட்டு, ‘நான்-அனானிமஸ் மோட் 1’ என்றும் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் டார் ஓடவே ஓடாது!