முத்துக்கரை மனிதர்கள் – 17: மருதிக்குத் திறந்த வாசல்

போன வாரம் முத்துக்குளிப்புக் கணக்கோடு நிறுத்தியிருந்தேன். கல்லோடு கடலுக்குள் இறங்கி மூச்சடக்கியவனுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரச் சர்க்காருக்கு இரண்டு பங்கு. அந்தக் கடலிலேயே இன்னொரு சரக்கும் போனது. அதை அளக்கத் தராசு வேண்டியிருக்கவில்லை, தலையை எண்ணினால் போதும்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் மருதி இந்தக் கரைக்காரி அல்ல. ரத்தமும் சதையுமாகப் பிறந்தவளும் அல்ல. புதுமைப்பித்தன் 1935-ல் 'மணிக்கொடி'யில் எழுதிய 'துன்பக்கேணி' கதையில் வருகிறவள். நிஜ மனிதர்களைப் பற்றிய தொடரில் கற்பனைப் பாத்திரம் எதற்கு என்று கேட்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன லட்சக்கணக்கான பெண்களில் ஒருத்தியாவது தன் கதையைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் நான் மருதியைத் தேடிப் போயிருக்க மாட்டேன். கப்பல் கம்பெனியின் கணக்கு கிடைக்கும், துரைமார் எழுதிய நினைவுக் குறிப்பு கிடைக்கும், இரண்டு சர்க்கார்களும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கொழுந்து பறித்தவள் என்ன நினைத்தாள் என்பதற்குக் கதைதான் கதி.

கதைத் தலைப்பே பாரதியிடமிருந்து வந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட இந்தியப் பெண்களைப் பற்றி எட்டயபுரத்துக்காரர் பாடிய பாட்டில் இந்தத் தொடர் வருகிறது. பாரதி பார்த்தது தூரத்துத் தீவு. புதுமைப்பித்தன் எடுத்துக்கொண்டது நம் வாசலுக்கு எதிரே இருக்கும் தீவு. இரண்டுக்கும் சட்டத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கதையின் பாதைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் வாசவன்பட்டி என்று ஒரு கிராமம். ஊர் வேறு, சேரி வேறு. மருதி சேரிப் பெண். புருஷன் வெள்ளையன் பண்ணையாள். வெள்ளையன் சிறைக்குப் போகிறான், அவளுக்கு ஊரில் நிற்க இடமில்லாமல் போகிறது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் பேச்சு காதில் விழுகிறது. கடல் தாண்டிப் போகிறாள். 'வாட்டர் பாலம்' என்ற தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்கார துரையின் கண்ணில் படுகிறாள். பிறகு அவள் உடம்பு அவளுடையதாக இல்லை. அவன் தந்த நோய் மட்டும் அவளுடையதாகிறது. வெள்ளைச்சி என்று ஒரு மகள் இருக்கிறாள். இதற்கு மேல் கதையைச் சொல்லிப் படிக்கிறவர்களின் வயிற்றில் அடிக்க மாட்டேன்.

வெள்ளைக்காரன் கொடுமையைச் சொல்ல வந்த கதை என்று இதைப் பலர் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிப்பது நமக்கு வசதி. கொடுமைக்காரன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், நிறமும் வேறு. புதுமைப்பித்தன் அந்த வசதியைத் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். துரை முகத்தைக் காட்டுவதற்கு வெகுமுன்னாலேயே, வாசவன்பட்டியிலேயே கதை தொடங்கிவிடுகிறது. பண்ணையும் சேரியும் கள்ளுக்கடையும் கச்சேரியும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படிக் கப்பல்துறைக்குத் தள்ளிவிடுகின்றன என்பதுதான் முன்பாதி. தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மருதிக்குக் குனியத் தெரியும். பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தெரியும். துரை புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

நிறவெறி இங்கே சாதியின் தோள்மேல் ஏறி நின்றது. இது இலக்கிய வியாக்கியானம் இல்லை, தோட்டம் நடந்த விதமே அது. ஆள் பிடித்துக் கொண்டுவந்தவன் கங்காணி. பெரிய கங்காணிகளில் பலர் வெள்ளாளர், கள்ளர், அகமுடையார் போன்ற சாதிகளைச் சேர்ந்தவர்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். கூலிகள் குடியிருந்த லயத்து வீடுகள்கூடச் சாதி பார்த்து ஒதுக்கப்பட்டன. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவது தொடங்கிச் சம்பளத்தில் பற்றுக்கழிப்பது வரை கங்காணி கை பட்டுத்தான் எல்லாம். துரைமாருக்கு இது நன்றாகவே ஒத்துவந்தது. தனித்தனியாக ஆயிரம் பேரை மிரட்டுவதைவிட, ஊரிலிருந்தே மிரட்டப் பழகிய நாலு பேரைக் கையில் வைத்துக்கொள்வது சுலபம் இல்லையா?

தூத்துக்குடிக்காரர்கள் தட்டப்பாறை ஸ்டேஷனை ரயிலில் எத்தனையோ முறை கடந்திருப்பார்கள். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பாதையில் இருக்கிறது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சர்க்கார் கூலிகளுக்கென்று அங்கே ஒரு முகாம் வைத்திருந்தது. பிளேக்கும் காலராவும் கப்பல் ஏறிவிடக் கூடாது என்ற பயம். ஆட்களை நாள்கணக்கில் அடைத்துவைத்து, சோதித்து, பிறகு துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அப்போது துறைமுகம் என்று சொன்னாலும் கடல் ஆழம் போதாது. நீராவிக் கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், அதுவரை படகில்தான் போகவேண்டும். கடலையே பார்த்திராத கரிசல்காட்டுப் பெண்கள் இடுப்புக் குழந்தையோடு அந்தப் படகில் உட்கார்ந்திருப்பார்கள். கொழும்பில் இறங்கினால் ராகமவில் இன்னொரு முகாம். 1914-ல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்தபின் கூட்டம் மண்டபம் பக்கம் திரும்பியது. அதற்கு முன் திருநெல்வேலிச் சீமையின் மருதிகளுக்குப் பெருவழி இதுதான்.

1901 வாக்கில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சின்ன வட்டத் தகடு. கங்காணி அதை வாங்கி வந்து கூலியிடம் கொடுப்பான், கூலி கழுத்தில் மாட்டிக்கொள்வார். வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறவேண்டும் என்பது அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆள் காணாமல் போனாலும் எந்தத் தோட்டத்து ஆள் என்பது தெரியும். அதில் பெயர் கிடையாது. ஊரில் மருதியைச் சாதியால் அடையாளம் கண்டார்கள், கடல் தாண்டும்போது தகர எண்ணால். அந்தப் பக்கம் போனால் கூலி. மருதி என்று யாராவது கூப்பிட்டிருந்தால் அது லயத்துக்குள்ளே, பக்கத்து அறையிலிருந்துதான் இருக்கும்.

சட்ட வித்தியாசம் என்றேனே, அது இதுதான். பிஜிக்குப் போனவர்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் போனார்கள். கைநாட்டு வைத்த காகிதம் ஒன்று இருந்தது, அதைக் காட்டி எதிர்க்கலாம். எதிர்த்தார்கள். 1920-ல் அந்த முறை செத்தது. இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்தக் காகிதம் இல்லை. ஏட்டுப்படி அவர்கள் சுதந்திரமான மாதக் கூலிகள். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஆனால் கங்காணி கொடுத்த முன்பணம், கப்பல் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் பற்றில் ஏறியிருக்கும். அதைத் தீர்த்தால்தான் துரை 'துண்டு' எழுதிக் கொடுப்பார். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். சொல்லாமல் ஓடினால் 1865-ஆம் வருஷச் சட்டப்படி ஜெயில். 1921-ல்தான் துண்டு ஒழிந்தது.

ஆக, மருதி அடிமை இல்லை. விலைக்கு வாங்கப்பட்டவளும் இல்லை. தன் காலால் நடந்து போனவள். 'நீதானே வந்தாய்' என்று துரையும் சொல்லலாம், கங்காணியும் சொல்லலாம், வாசவன்பட்டிப் பண்ணையும் சொல்லலாம். இந்தப் பாத்திரத்தில் என்னை விடாமல் உறுத்துவது இதுதான்.

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'பிலவ்ட்' நாவலில் (1987) செத் என்று ஒரு கறுப்பினத் தாய் வருகிறாள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவள். பிடிக்க ஆள் வந்ததும், அந்த வாழ்க்கைக்குத் திரும்பக் கூடாதென்று தன் பெண்குழந்தையைக் கொன்றுவிடுகிறாள். 1856-ல் மார்கரெட் கார்னர் என்ற பெண் உண்மையாகவே செய்த காரியத்திலிருந்து முளைத்த கதை. செத்தின் முன்னால் இருப்பது வெளிப்படையான எதிரி. அவளைச் சொத்து என்று எழுதிவைத்த சட்டம் இருக்கிறது, எஜமான் இருக்கிறான். அவள் எடுத்த முடிவு பயங்கரமானது. ஆனால் யாருக்கு எதிராகச் செய்தாள் என்பதில் குழப்பமில்லை. மருதிக்கு அந்தத் தெளிவுகூடக் கிடைக்கவில்லை. துரையிடமிருந்து ஓடினால் கங்காணி. கங்காணியிடமிருந்து ஓடினால் வாசவன்பட்டி. அவள் எடுத்த ஒவ்வொரு முடிவும் வேறு யாரோ முன்னமே கட்டிவைத்த இரண்டு வாசல்களில் ஒன்றில் நுழைவதுதான். அப்படி இருந்தும் அவள் வெறும் பலியாள் அல்ல. போகலாம் என்று முடிவெடுக்கிறாள். சீரழிந்த உடம்போடு உயிரைப் பிடித்துக்கொண்டு மகளை வளர்க்கிறாள். வெள்ளைச்சிக்குத் தன் கதி வரக் கூடாது என்பதில் மட்டும் அவளிடம் தடுமாற்றம் இல்லை. அந்த ஒரு பிடிவாதம்தான் மருதி என்கிற ஆளை நமக்குக் காட்டுகிறது.

கதைமீது புகாரும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். 2014-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தக் கதையையும் புதுமைப்பித்தனின் 'பொன்னகர'த்தையும் பாடத்திலிருந்து எடுத்தது. சேரி மக்களை இழிவாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு வந்தது. விமர்சகர் ராஜ் கௌதமன் புதுமைப்பித்தனின் வெள்ளாளப் பார்வையை அதற்கு முன்பே துருவி எழுதியவர். புகாரில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கதைசொல்லியின் கிண்டல் சில இடங்களில் மிதிபட்டவர்களையும் விட்டுவைப்பதில்லை. சேரிக்கு வெளியே நின்று பார்த்த கண் அது என்பது தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் பாடத்திலிருந்து எடுத்தது தவறு என்றே நினைக்கிறேன். மருதியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு யார் வருகிறார்கள்? யாரும் வரவில்லை. அந்தக் கேள்வியையும் புகாரையும் சேர்த்தே வகுப்பில் வைத்திருக்கலாம்.

தோட்டத்துக்கு உள்ளேயிருந்து பேசியவர்கள் பின்னால் வந்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து மக்களின் வாழ்க்கையை எழுதினார், அவர்கள் வாக்கில் 1947-ல் பாராளுமன்றத்துக்கும் போனார். அடுத்த வருஷமே அந்த மக்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யில் வரும் வள்ளியை மருதியின் தங்கை என்றே சொல்லலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் எட்டி நின்று பார்ப்பதற்கும் கூடவே இருந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் பிடிபடும்.

தூத்துக்குடி என்றால் கப்பல், கப்பல் என்றால் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து, வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்று, 1908-ல் சிறைக்குப் போனார். அந்த வீரத்தைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். துறைமுகத்துக்கே இன்று அவர் பெயர், அது முறைதான். ஆனால் அவர் போராடிய தூத்துக்குடி–கொழும்புத் தடத்திலேயேதான் கழுத்தில் தகரம் தொங்கிய கூட்டமும் போனது. கப்பல் யாருடையது என்ற சண்டையை நாம் மறக்கவில்லை. கப்பலின் அடித்தட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டோம். தட்டப்பாறையில் கூலிகள் அடைபட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டாமா?

மருதியின் பேரப்பிள்ளைகளுக்கும் அடையாளம் சிக்கலாகவே இருந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே 'இந்தியாக்காரன்', 'கள்ளத்தோணி' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மண்டபத்தில் இறங்கியதும் 'சிலோன்காரன்' ஆனார்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டு அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுத்தது. மறுபடியும் கொழுந்துதான். இலங்கையில் தங்கிவிட்டவர்களில் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் 'கண்டிச்சீமைக்குப் போனவர்' என்று ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்திருப்பார்கள். அவர்கள் வைத்துவிட்டுப் போன தகரத் தகடு, துண்டுச் சீட்டு, தோட்டத்துப் பற்றுப் புத்தகம் ஏதாவது பரணில் கிடந்தால் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, போனவரின் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் எழுதிப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். தகரத்தில் பெயர் பொறிக்க இடம் விடவில்லை. நம் பக்கத்தில் இடம் இருக்கிறது, வருகிற பெயர்களை இந்தத் தொடரிலேயே வெளியிடுவோம்.