உங்களுக்குத் தெரியுமா?

கலாக்ஷேத்திராவை ஸ்தாபித்துப் பரத நாட்டியத்துக்குப் புது கௌரவம் தேடித்தந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்ய சபையின் நியமன அங்கத்தினரான பின், வாயில்லா ஜீவன்களின் பொருட்டுத் தாமே ஒரு மசோதாவைச் சபையில் கொண்டுவந்து, அரசாங்கமே அதனினும் விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு வாக்களித்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வாக்கின் பலனே 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

புண்பட்ட கழுத்தின்மேல் நுகத்தடியை ஏற்றுவதும், சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமத்துவதும், திரும்பிப் படுக்கவும் இயலாதபடி குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதும் இச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றங்களாம். ஆனால் உணவுக்காகக் கொல்வதை, அநாவசியமான வேதனை விளைவிக்காத வரையில், அது தடை செய்யவில்லை. மதாசாரம் விதித்த முறையில் உயிர்ப்பலி இடுவதை 28-ஆம் பிரிவு குற்றமாகவே கருதவில்லை. கொலையை அனுமதித்துக் கொடுமையை மட்டும் விலக்கும் இந்த சமரசம் அஹிம்சாவாதிகளுக்குத் திருப்தி தராது. எனினும், அமலாக்கக்கூடிய சட்டம் வேறெவ்வாறு அமையக்கூடும்?

விசித்திரம் தண்டனையில் இருக்கிறது. அதிகப் பால் கறப்பதற்காகப் பசுவை வதைக்கும் ‘பூக்கா’ முறைக்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசம் விதித்த சட்டம், மாட்டை அடித்து நொறுக்குகிறவனுக்கு முதற்குற்றமாயின் 10 முதல் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விட்டுவிடுகிறது! இத்தொகையை உயர்த்தும்படி 2014-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பார்லிமெண்டைக் கேட்டுக்கொண்டது.