வருத்தம் பார்ப்போரும் வருத்தம் சுமப்போரும்: குடாநாட்டு உதவித் திட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் நோய் என்பதினும் வருத்தம் என்ற சொல்லே மிகுதியாக வழங்குகின்றது. நோயாளியைக் காணச் செல்வது 'வருத்தம் பார்த்தல்' எனப்படும். உடலின் பிணியையும் உள்ளத்தின் துயரையும் ஒரே சொல்லாற் சுட்டும் இவ்வழக்கிலே, வருத்தம் என்பது நோயாளியுடன் நின்றுவிடுவதன்று, அவர் கிடக்கும் வீட்டுக்கே உரியது என்ற உணர்வும் ஓரளவு பொதிந்துள்ளது. நலிவுற்றோர்க்கென நடைமுறைப்படுத்தப்படும் உதவித் திட்டங்கள் இவ்வுணர்வைக் கருத்திற் கொண்டுள்ளனவா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா. அவற்றின் பயனை அளக்க முற்படுவோர் எத்தனை பேருக்கு எவ்வளவு பணம் என்ற அளவில் அமைந்துவிடுகின்றனர். நோயாளியின் அருகே கழியும் இன்னொருவரின் நாட்கள் அக்கணக்கில் வருவதில்லை.

இலங்கையிலே சமூக சேவைத் திணைக்களம் 1948 இல் நிறுவப்பட்டது. வறியோர்க்கு வழங்கப்பட்ட மாதாந்த உதவிப்பணத்தை எமது மக்கள் 'பிச்சைச் சம்பளம்' என்றே அழைத்தனர். உதவியை உரிமையாக அன்றிக் கருணையாகக் கண்ட மனப்பாங்கு இப்பெயரிலேயே வெளிப்படும். வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், முதியோர் உரிமைகள் பற்றிய 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இப்பாங்கினின்று விலகிய முயற்சிகளாம். எனினும் பிற்கூறிய சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என விதிக்கின்றதேயன்றி, அக்கடமையைச் செய்பவர் எதனை இழக்கின்றார் என்று வினவவில்லை. பிள்ளைகள் என்ற பொதுச்சொல் நடைமுறையில் பெரும்பாலும் ஒரு மகளையோ மருமகளையோ குறிப்பதை யாவரும் அறிவர்.

2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும திட்டத்தையும் இவ்வகையில் நோக்கலாம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளிலமைந்த 22 குறிகாட்டிகள் கொண்டு குடும்பங்கள் தரப்படுத்தப்பட்டன. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாவும், அடுத்த இரு பிரிவினர்க்கு முறையே 5,000, 2,500 ரூபாவும் என விதிக்கப்பட்டது. முதியோர்க்கும் வலுவிழந்தோர்க்கும் தனிக் கொடுப்பனவுகள் உண்டு. சிபாரிசுக்குப் பதிலாக வெளிப்படையான அளவுகோலைக் கொணர்ந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயின் அளவுகோல் எதனைக் காண்கின்றது?

வலிகாமத்துக் கிராமமொன்றிற் பாரிசவாதத்தாற் படுக்கையிற் கிடக்கும் தாயொருவரையும், அவரைப் பார்ப்பதற்காகத் தையல் வேலையை விட்டுவிட்ட மகளையும் எண்ணிப் பார்ப்போம். படுக்கைப்புண் வராதிருக்க இரவிலும் பல தடவை தாயைப் புரட்டிக் கிடத்தல் வேண்டும். நாளுக்கு இரு முறை துணி மாற்றித் தோய்ப்பதற்கு நீரிறைக்கும் மோட்டரும், வெக்கைக்கு மின்விசிறியும் ஓயாது இயங்குகின்றன. மின்பாவனையும் குறிகாட்டிகளுள் ஒன்றாதலின், நோயினாற் பெருகிய மின்கட்டணம் அவ்வீட்டை வசதியுள்ளதாகக் காட்ட இடமுண்டு. மகள் இழந்த கூலியோ எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.

பணம் மட்டும் போதாது என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. 1980 இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் சரித்தும் அவர்தம் குழுவினரும் முதுமை மறதிநோயுற்ற 29 பேரின் பராமரிப்போரை ஆராய்ந்தனர். நோயாளியின் நடத்தைக் கோளாறுகள் மிகுந்தளவுக்குப் பராமரிப்போரின் சுமையுணர்வு மிகவில்லை. மாறாக, உறவினர் அடிக்கடி வந்துபோன இடங்களில் அவ்வுணர்வு குறைந்திருந்தது. சிறியதோர் ஆய்வே இது. ஆயினும் குடாநாட்டாராகிய நாம் இதனை எளிதிற் கடந்து செல்லுதல் இயலாது.

இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981 இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012 இல் இத்தொகை ஆறு இலட்சத்திலுங் குறைந்தது. போரிற் பட்ட இழப்பும், 1995 ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த பேரிடப்பெயர்வும், ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்குமான புலப்பெயர்வும் வருத்தம் பார்க்க வரவேண்டியவர்களையே ஊரைவிட்டு அகற்றின. அவர்கள் அனுப்பும் பணம் வருகின்றது. தொலைபேசியில் முகமும் தெரிகின்றது. இரவிலே தாயைப் புரட்டிவிட ஒரு கை மட்டும் வருவதில்லை. இழவு வீட்டுக்கு ஊரே திரளும் எமது வழக்கம் நீள்நோய் வீட்டுக்குச் சில வாரங்களுக்கப்பால் நீடிப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். புலப்பெயர்வின் மீது மாத்திரம் பழியைச் சுமத்துதல் நேர்மையன்று.

குடும்பத்தையே அலகாகக் கொண்ட முயற்சிகள் இம்மண்ணிற் தோன்றாமலுமில்லை. 1987 இல் யாழ்ப்பாணத்தில் உருவான சாந்திகம் உளவளத்துணையை வளர்த்தெடுத்தது. யாழ். பல்கலைக்கழக மருத்துவபீட உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனியாளின் உளநோயாக மாத்திரம் நோக்கும் மேலைத்தேய அணுகுமுறை எமக்குப் போதாது எனவும், குடும்பமும் ஊரும் ஒருங்கே காயப்பட்டுள்ளன எனவும் எழுதினார். ஆசிரியர் முதலாக ஊர்மட்டத்தில் மக்களோடு பழகுவோர்க்கு அடிப்படை உளநலப் பயிற்சி அளிக்கப்பட்டமை இந்நோக்கின் விளைவே. மருத்துவமனைக்கு வரமுடியாதவரை நாடி உதவி செல்லுமிடத்து, நோயாளியுடன் அவரைப் பார்ப்பவரும் கண்ணிற் படுகின்றார்.

பராமரிப்போர்க்கு ஊதியம் என்றவுடன் பாசத்துக்கு விலையா எனக் கேட்போர் எம்மிடையே உளர். பிரித்தானியாவில் 1976 இல் நோயாளரைப் பராமரிப்போர்க்குக் கொடுப்பனவு ஏற்படுத்தப்பட்டபோது, மணமான பெண்கள் அதினின்று விலக்கப்பட்டனர். அவர்கள் எவ்வாறாயினும் வீட்டில் இருப்பவர்களே என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். தன் தாயைப் பராமரித்த ஜாக்குலின் டிரேக் என்பவர் தொடுத்த வழக்கில், 1986 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்விலக்கைப் பாரபட்சமெனத் தீர்த்தது. அண்டையிலுள்ள கேரளத்திலோ, படுக்கையிற் கிடப்போரை முழுநேரமும் பார்ப்பவர்க்கு 'ஆசுவாச கிரணம்' என்ற பெயரில் மாதம் 600 இந்திய ரூபா விதிக்கப்பட்டது. மிகச் சிறிய தொகையே அது. ஆயினும் அதனைப் பெறுபவரின் பெயர் பராமரிப்பவர் என்றே பதிவாகின்றது.

எமது பிரதேச செயலகங்கள் பேணும் முதியோர், வலுவிழந்தோர் பட்டியல்களில் அத்தகைய நிரலொன்றைச் சேர்ப்பதற்குப் பெருஞ் செலவு ஏற்படாது. இவரை யார் பார்க்கின்றார், எந்த வேலையை விட்டுப் பார்க்கின்றார், அவர் நோயுற்றால் யார் வருவார் என்ற மூன்று வினாக்களைக் கிராம அலுவலர் கேட்டெழுதினாற் போதும்.