வண்டியின் காலடிக் கம்பளம்
கழற்றலும் கழுவலும் புதுக்கலும்

வீட்டு நிலத்தை நாள்தோறும் கூட்டித் துப்புரவு செய்யும் நாம், மோட்டார் வண்டியின் நிலத்தைப் பற்றிச் சிந்திப்பதேயில்லை. வெளிப்புறத்தைப் பளபளவெனத் துடைத்து வைப்போம். ஆயுத பூசையன்று சந்தனப் பொட்டிட்டு மாலையும் சூட்டுவோம். ஆனால், கால் வைக்கும் இடத்தில் விரிந்து கிடக்கும் கம்பளத்தின் கீழே என்ன நடக்கின்றது என்று குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. நாமும் பார்த்தோமில்லை, பார்க்கும்படி ஒரு காலம் வந்தது. அந்த அனுபவத்தையும், அதனால் நாம் கற்றவற்றையும் இங்கே வாசகர்முன் வைக்கின்றோம்.

எம் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் வண்டி உண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியில் அறிமுகமான இனம் அது. 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டபின் 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. எனினும், இலங்கையின் வீதிகளில் இன்றும் அதனைக் காணலாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாயிருந்த நாட்களில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய வண்டிகளுள் எம்முடையதும் ஒன்று. பிரசவ வேதனையுற்ற அயலவர் பலரை எம் தந்தையார் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது இவ்வண்டியிலேதான். ஆதலின், எமக்கு அது வெறும் இரும்பு அன்று.

2024ஆம் ஆண்டு கார்த்திகை மழையில் எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் நின்றது. வண்டிக்குள்ளும் சிறிது நீர் புகுந்தது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மேலே புதிய இறப்பர் விரிப்புக்களைப் போட்டு, காரியம் முடிந்ததென்று இருந்துவிட்டோம். ஒரு மாதத்துள் வண்டிக்குள் ஈரச் சாக்கின் நாற்றம் எழுந்தது. இளைய மகள் ஏறினாலே இருமினாள். அம்மாவோ மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்ல முச்சக்கர வண்டியை அழைக்கத் தலைப்பட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது.

அயலில் வாழும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் விலை மதிக்கக் கேட்டோம். அவர் கதவைத் திறந்து மோந்து பார்த்தார். "தம்பி, விக்கிறதெண்டால் வில்லும். ஆனால் முதலிலை அந்தக் காப்பெற்றைத் தூக்கிப் பாரும்" என்றார்.

தூக்கினோம். கம்பளத்தின் கீழிருந்த சணல் மெத்தை, இத்தனை வாரங்களின் பின்னும் பிழிந்தால் நீர் சொட்டும் நிலையிலிருந்தது. அதன் கீழே தகடு செந்நிறமாய்ப் பொரிந்து கிடந்தது. பின்னாசனத்தின் முன்னே, பிள்ளைகள் கால் வைக்கும் இடத்தில், திருப்புளியின் முனையால் மெல்லத் தட்டினோம். அது தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் சென்றது. துளையினூடே முற்றத்து மண் தெரிந்தது!

நோயின் மூலம்

வண்டியின் நிலம் பல அடுக்குக்களால் ஆனது. மேலே கம்பளம், அதன் கீழே ஒலியையும் வெப்பத்தையும் தடுக்கும் சணல் அல்லது பஞ்சு மெத்தை, அதன் கீழே உருக்குத் தகடு. மேற்பரப்பு ஒரு நாளில் உலர்ந்துவிடும். இடையிலுள்ள மெத்தையோ காற்றுப் படாமையால் நெடுநாள் ஈரத்தை ஏந்தி நிற்கும். ஈரம் ஓரிரு நாட்கள் நின்றாலே பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். அதன் வித்துக்கள் காற்றிற் கலந்து, தொய்வுள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இருமலைத் தரும். அதேவேளை தகடும் துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பும் சேர்வதால் துரு விரைந்து பரவும்.

மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளுக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலும் நிலமுமே வண்டியைத் தாங்குகின்றன. இக்காலத்து வண்டிகளிற் பெரும்பாலானவையும் அவ்வாறே. ஆகவே, நிலத்தகடு உக்கினால் வண்டியின் எலும்பே உக்கியது என்பது பொருள்.

கழற்றுமுன் நீர் வரும் வழியைக் கண்டறிதல் வேண்டும். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர், கதவோர இறப்பர், நிலத்தகட்டின் துளைகளை மூடும் இறப்பர் அடைப்பான்கள் ஆகியவற்றைச் சோதியுங்கள். குளிரூட்டியுள்ள வண்டிகளில் அதன் நீர் வெளியேறும் குழாய் அடைபட்டு, முன்னாசனத்தின் காலடியில் நீர் சொட்டுவதும் உண்டு. வழியை அடைக்காது கம்பளத்தைக் கழுவுதல் ஓட்டைக் குடத்தில் நீர் நிறைத்தலை ஒக்கும்.

கழற்றும் முறை

தொடர்ந்து வெயில் எறிக்கும் சில நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். வடக்கிற்கு மாசி, பங்குனி மாதங்கள் உகந்தவை. முதலில் பற்றறியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஆசனத்தின் கீழே மஞ்சள் நிற மின்னிணைப்புக் காணப்பட்டால் அது பெரும்பாலும் காற்றுப்பையைச் சார்ந்தது. வண்டியின் கைந்நூலிற் கூறிய முறைப்படியன்றி அதனைத் தொடுதல் ஆகாது.

பெரும்பாலான வண்டிகளில் முன்னாசனம் ஒவ்வொன்றும் நான்கு போல்டுகளாற் பூட்டப்பட்டிருக்கும். ஆசனத்தைப் பின்னே தள்ளி முன்னிரண்டையும், முன்னே தள்ளிப் பின்னிரண்டையும் கழற்றலாம். பின்னர் கதவின் கீழுள்ள வாசற்படித் தகடுகளை நீக்குங்கள். ஒவ்வொரு படியிலும் கைத்தொலைபேசியாற் படமெடுத்து, கழற்றிய ஆணிகளை வெவ்வேறு பைகளிலிட்டுப் பெயரெழுதி வைத்தால், பூட்டும்போது தடுமாற்றம் இராது. இப்பணியை எம் மகன் ஏற்றுக்கொண்டான். ஓர் ஆணியும் தவறவில்லை.

கம்பளத்தைப் பிடித்து இழுத்தல் கூடாது. ஒட்டியிருக்கும் இடங்களை மெல்ல விடுவித்து, இருவர் சேர்ந்து வெளியே எடுத்தல் நன்று. கிழிந்ததாயினும் எறிந்துவிடாதீர்கள்; புதியதை வெட்டுவதற்கு அதுவே அளவுப்படி.

கழுவலும் உலர்த்தலும்

முதலில் கம்பளத்தைக் கொடியிலிட்டுத் தட்டி மணலை உதிர்த்தல் வேண்டும். மணலோடு நனைத்தாற் சேறாகும். பின்னர் மென்மையான சவர்க்காரம் கரைத்த நீரைத் தூரிகையால் இட்டுத் தேய்த்து, நல்ல நீரால் அலசுங்கள். நைலோன் போன்ற செயற்கை இழைகள் நீரைத் தாங்கும். கம்பளி இழையும் சணல் முதுகும் உடையவை சுடுநீரிற் சுருங்கும்; அவற்றை ஊறவிடாது ஈரத்துணியாலும் தூரிகையாலும் துடைத்தலே தக்கது.

கறைகளுக்கேற்ப வைத்தியமும் வேறுபடும். சந்தையிலிருந்து வரும்போது சிந்திய மீன்நீர், பால், இரத்தம் ஆகியவற்றுக்குக் குளிர்நீரே வேண்டும். சுடுநீர் அக்கறையை இழையிற் பதித்துவிடும். எண்ணெய்க் கறைமீது மாவைத் தூவி உறிஞ்சவிட்டுப் பின் சவர்க்காரம் இடலாம். ஒட்டிய சுவிங்கத்தைப் பனிக்கட்டியால் இறுகச் செய்து உரித்தெடுக்கலாம். நாற்றத்திற்கு அப்பச்சோடாவைத் தூவி ஓரிரவு விட்டு உதறுங்கள். வினாகிரியும் நீரும் சமமாகக் கலந்து தெளித்தலும் பயன் தரும். ஆனால் வினாகிரியோடு வெளிற்றும் திராவகத்தை ஒருபோதும் சேர்த்தலாகாது. நச்சுவாயுவாகிய குளோரின் வெளிப்படும்.

கழுவிய கம்பளத்தை முறுக்கிப் பிழியாது, நீர் வடியத் தொங்கவிட்டு, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். முதுகுப்புறம் வெயிலைக் காணலாம். முகப்புறம் நெடுநேரம் காயின் நிறம் மங்கும். தடித்த பகுதியில் வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்து, ஈரம் சற்றும் தோன்றாதபோதே உலர்ந்ததெனக் கொள்க. ஊறிப்போன சணல் மெத்தையைக் காப்பாற்ற முயல வேண்டாம். நீர் உறிஞ்சாத நுரை விரிப்பு அதற்கு நல்ல மாற்று.

தகடும் மீள் பொருத்தலும்

மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, பொஸ்போரிக்கமிலம் கொண்ட துருமாற்றியைப் பூசலாம். அது துருவை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் கட்டாயம். அதன்மேல் முதற்பூச்சும், பின் இரண்டு முறை நிறப்பூச்சும் இடுதல் வேண்டும். தகடு துளைந்திருந்தாலோ பசையும் துணியும் ஒட்டி மறைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். உக்கிய பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகட்டை ஒட்டவைத்தலே வழி. எமக்கு ரிங்கர் வேலை செய்பவர் ஒருவர் இரண்டு நாட்களில் அதனைச் செய்து தந்தார்.

புதிய கம்பளத்தை முதுகுப்புறத்தில் சுண்ணக்கட்டியாற் கீறி, அளவினும் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். ஆணித் துளைகளைக் கத்தியாற் சிறு குறுக்காகக் கீறுதல் வேண்டும். துளைகருவியை வைத்தால் இழை அதிற் சுற்றிக்கொண்டு நெடுக உருவிவரும். ஆசனத்தினதும் பாதுகாப்புப் பட்டியினதும் போல்டுகளைக் குறித்த இறுக்கத்துக்குப் பூட்டுதல் உயிர்காக்கும் காரியம்.

முக்கியமான இன்னொன்று: வேகமுடுக்கி மிதியின் அருகே கம்பளம் மடிந்தோ, விரிப்பின்மேல் விரிப்பாகவோ இருத்தலாகாது. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரொயோட்டா நிறுவனம், தரைவிரிப்பில் மிதி சிக்கும் அபாயத்தை முன்னிட்டு ஏறத்தாழ 38 இலட்சம் வண்டிகள் தொடர்பாக மீளழைப்பு அறிவித்தது. ஒரு துண்டு விரிப்பால் உயிரிழப்பும் நேரும் என்பதை நினைவிற் கொள்க. நாம் முன்னர் மேலே போட்டிருந்த இறப்பர் விரிப்புக்களையும் அன்றே எடுத்துவிட்டோம்.

வேலை முடிந்த ஞாயிறன்று அம்மாவை அழைத்தோம். அவர் கதவைத் திறந்து, மெக்கானிக் செய்ததுபோலவே மோந்து பார்த்தார். பின்பு செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினார். "ஏனம்மா?" என்றோம். "உங்கடை அப்பா இருந்த காலத்திலை இப்பிடித்தானே ஏறுவன்" என்றார்.

வண்டியை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. உங்கள் வீட்டு வண்டியிலும் இன்று மாலை கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மகிழ்ச்சி; ஈரமாயிருந்தால், அடுத்த மாரிக்குமுன் அறிந்துகொண்டீர்கள் அல்லவா?